சென்னையிலிருந்து நியூயார்க்: எந்த ஊர் வழியாகப் போவது?

"அம்மாவும் அப்பாவும் முதல்முறையா அமெரிக்கா வர்றாங்க, துபாய் வழியா போடட்டுமா, லண்டன் வழியா போடட்டுமா?" ஊர்ப்பெயர் மட்டும் மாறி மாறி, இதே கேள்வி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்கள் எல்லோரும் ஏற்கெனவே டிக்கெட் தளத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, விலையையும் மொத்த நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக் குழம்பிப்போனவர்கள். 21 மணி, 22 மணி 40 நிமிடம், 23 மணி என்று வரிசையாக நிற்கும்போது குறைவானதை அழுத்தத்தான் கை போகும். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த ஒரு மணி, இரண்டு மணி வித்தியாசம் போகிறவருக்குத் தெரிவதே இல்லை; பயணத்தில் எந்த இடத்தில் எழுந்து இறங்கி நடக்கிறோம் என்பதுதான் உடம்புக்குத் தெரிகிறது. அதனால் இந்த ஒப்பீட்டை அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன்.

டிக்கெட் விலையை எழுதவில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாறுகிற விஷயம் அது. விலையில் தெரியாத செலவுகளை மட்டும் சொல்கிறேன்.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

தூரம். ஓர் உலக உருண்டையில் சென்னையில் நூலின் ஒரு நுனியை வைத்து, மறுநுனியை நியூயார்க்கில் வைத்து இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் அரபிக்கடல் பக்கம் போகாது. வடக்கே ஏறி, ஏறத்தாழ 67 டிகிரி அட்சரேகை வரை, அதாவது ஆர்க்டிக் வட்டத்தைத் தொட்டுவிட்டு அந்தப் பக்கம் இறங்கும். அந்த நூலின் நீளம் சுமார் 13,475 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் கணக்குப் போட்டால் 15 மணி நேரம். இவ்வளவு தூரம் நிற்காமல் பறக்கிற விமானங்கள் இருக்கின்றன, சிங்கப்பூர்–நியூயார்க் இதைவிட நீளம். ஆனாலும் சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு நேரடி விமானம் கிடையாது. எங்காவது ஓரிடத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும், அதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

தூரத்தை வைத்து மட்டும் நேரத்தை முடிவு செய்ய முடியாது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாக ஓடும் காற்று (ஜெட் ஸ்ட்ரீம்) இருக்கிறது. அமெரிக்காவுக்கு மேற்குப் பக்கமாகப் போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளும் காற்று. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் ஃபிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழிக்குப் பதிலாக பசிபிக் வழியாக ஓட்டியது. தூரம் சுமார் 13,900 கி.மீ.யிலிருந்து 15,300 கி.மீ. ஆனது, பறக்கும் நேரமோ குறைந்தது. காற்றின் வேலை அது.

உண்மையான மணிக்கணக்கு. டிக்கெட்டில் எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம். சென்னையில் அதிகாலை 3:30க்குக் கிளம்பி அன்றே மதியம் 2:00க்கு நியூயார்க்கில் இறங்குவதாகப் போட்டிருந்தால் பத்தரை மணி நேரம் போலத் தெரியும். கோடையில் நியூயார்க் நம்மைவிட ஒன்பதரை மணி பின்னால், ஆக 20 மணி நேரப் பயணம். நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு, மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை, வித்தியாசம் பத்தரை மணி; அதே கடிகார நேரத்துக்கு அப்போது 21 மணி.

இடைநிறுத்தம் எங்கே விழுகிறது. 4+14 மணி என்று உடைவதும் 10+8 மணி என்று உடைவதும் ஒன்றல்ல. தளங்கள் இதை வடிகட்டிக் காட்டுவதில்லை, நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரே டிக்கெட்டா. ஒரே பி.என்.ஆரில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்திருந்தால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான்.

இமிக்ரேஷனும் பெட்டியும். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில்தான் இமிக்ரேஷன், அங்கேயே பெட்டியையும் எடுத்துச் சுங்கம் தாண்ட வேண்டும், பிறகு வேறு ஊருக்குப் போவதானால் மறுபடி ஒப்படைக்க வேண்டும். இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது, கீழே வருகிறது.

| வழி | மொத்தத் தூரம் (சுமார்) | பறக்கும் நேரம் (சுமார்) | எங்கே உடைகிறது |
|---|---|---|---|
| துபாய் | 13,930 கி.மீ. | 4 + 14 மணி | ஆரம்பத்திலேயே |
| அபுதாபி | 14,000 கி.மீ. | 4½ + 14 மணி | ஆரம்பத்திலேயே |
| தோஹா | 14,060 கி.மீ. | 5 + 14 மணி | ஆரம்பத்திலேயே |
| லண்டன் | 13,780 கி.மீ. | 11 + 8 மணி | நடுவில் |
| ஃபிராங்ஃபர்ட் | 13,780 கி.மீ. | 10½ + 9 மணி | நடுவில் |
| டெல்லி | 13,520 கி.மீ. | 3 + 16 மணி | ஆரம்பத்திலேயே |
| சிங்கப்பூர் | 18,270 கி.மீ. | 4½ + 18½ மணி | ஆரம்பத்திலேயே |

டெல்லியைப் பாருங்கள்: நேர்கோட்டைவிட நாற்பது, ஐம்பது கிலோமீட்டர்தான் கூடுதல். தூரத்தில் அதற்குத்தான் முதலிடம். சிங்கப்பூரைத் தவிர மற்ற வழிகளுக்குள் தூர வித்தியாசமும் 600 கி.மீ.க்கு உள்ளேதான், முக்கால் மணி நேரம்கூட இல்லை. ஆகவே தூரத்தை இத்தோடு விட்டுவிடலாம்.

## வளைகுடா வழி

சென்னையிலிருந்து அதிகம் பேர் போகும் வழி. விமானங்கள் நிறைய, நாளும் நேரமும் நமக்கு வசதியாகக் கிடைக்கும், ஒன்று தவறினால் அடுத்ததில் இடம் கிடைக்கும் வாய்ப்பும் அதிகம். கூட வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள், தனியாகப் போகும் பெரியவர்களுக்கு இது பெரிய தைரியம். சாப்பாட்டிலும் பிரச்சினை வராது.

சிரமம் அந்த நாலு மணி நேரத்தில் இருக்கிறது. நள்ளிரவில் வீட்டைவிட்டுக் கிளம்பி, விடியற்காலை விமானத்தில் ஏறி, சாப்பாடு கொடுத்து விளக்கை அணைத்து, கண் அசரும் நேரத்தில் இறங்கச் சொல்லிவிடுவார்கள். அப்புறம் தூக்கக் கலக்கத்தோடு நீண்ட நடை, மறுபடி சோதனை, அதற்குப் பிறகு ஒரே மூச்சில் 14 மணி நேரம். என் அம்மா முதல்முறை அக்கா வீட்டுக்குப் போனது இப்படித்தான். இறங்கியதும் ஃபோனில் சொன்ன முதல் வார்த்தை, "செருப்பே ஏற மாட்டேங்குதுடா." கால் அவ்வளவு வீங்கியிருந்தது. மூட்டுவலி உள்ளவர், ஜன்னலோர சீட், பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேரை எழுப்பச் சங்கடப்பட்டுக்கொண்டு அந்த 14 மணியில் இரண்டே முறை எழுந்திருக்கிறார். தண்ணீரும் குடிக்கவில்லை, குடித்தால் எழ வேண்டுமே என்று. சீட்டை நான் பார்த்துப் போட்டிருக்க வேண்டும்.

இந்த வழியில் அபுதாபிக்கு மட்டும் ஒரு தனிச் சிறப்பு. அமெரிக்க இமிக்ரேஷனையும் சுங்கத்தையும் அங்கேயே முடித்துவிடலாம். 2014 முதல் அமெரிக்க அதிகாரிகள் அந்த விமான நிலையத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறார்கள். அங்கே முத்திரை வாங்கிவிட்டால் நியூயார்க்கில் உள்நாட்டுப் பயணி போல இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்தில் மதிய நேரத்தில் நாலைந்து பெரிய விமானங்கள் ஒன்றாக வந்து இறங்கும்போது அந்த வரிசையில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். நியூயார்க்கோடு நிற்காமல் வேறு ஊருக்கு மாறிப் போகிறவர்களுக்கு இன்னும் லாபம். ஆனால் அபுதாபியில் அதற்கான நேரம் வேண்டும். லேஓவர் (அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் நேரம்) இரண்டு மணிக்குள் இருந்தால் எடுக்காதீர்கள், மூன்று மணியாவது இருக்கட்டும்.

இன்னொன்று. துபாயிலிருந்து மிலான் வழியாக ஜே.எஃப்.கே.வுக்கும், ஏதென்ஸ் வழியாக நியூ ஜெர்சிப் பக்கத்து நெவார்க் விமான நிலையத்துக்கும் எமிரேட்ஸ் விமானங்கள் உண்டு. பட்டியலில் இவை நேரடி துபாய்–நியூயார்க் விமானத்துக்குப் பக்கத்திலேயே, சில நாட்களில் விலை குறைவாகவும் வரும். கவனிக்காமல் எடுத்தால் இரண்டு நிறுத்தம் ஆகிவிடும். தெரிந்தே எடுத்தால், தொடர்ந்து உட்கார முடியாதவர்களுக்கு அந்த 14 மணி இரண்டாக உடைவது நல்லதுதான்.

யாருக்கு நல்லது: தமிழ் தவிர வேறு மொழி தெரியாத பெரியவர்கள், கடைசி நேரத்தில் டிக்கெட் எடுப்பவர்கள், அமெரிக்காவுக்குள் இன்னொரு விமானம் மாற வேண்டியவர்கள் (அபுதாபி).

## ஐரோப்பா வழி

என் மனதுக்குப் பிடித்த வழி இது, காரணம் ஒன்றே ஒன்று: நிறுத்தம் நடுவில் விழுகிறது. முதல் விமானத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் இருப்பதால் ஒரு முழுத் தூக்கம் போட்டுவிடலாம். ஃபிராங்ஃபர்ட்டிலோ லண்டனிலோ இறங்கும்போது அங்கே காலை. முகம் கழுவி, ஒரு காபி குடித்து, அரை மணி நடந்துவிட்டு ஏறினால் அடுத்தது பகல் பயணம், எட்டு ஒன்பது மணி. அம்மா இரண்டாவது முறை இப்படிப் போனார். ஃபிராங்ஃபர்ட்டில் வீல்சேர் தள்ளிவந்த பெண் தானாகவே கழிப்பறை வாசலில் நிறுத்தி, கையைக் காட்டிச் சிரித்துவிட்டுக் காத்திருந்தாராம். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. அக்கா வீட்டுக்குப் போனதும் செருப்பு சரியாக இருந்தது, அதைச் சொல்லத்தான் ஃபோன் செய்தார்.

இறங்கும் இடத்திலும் ஒரு வசதி. நியூயார்க் என்று நாம் சொல்வதில் ஜே.எஃப்.கே.யும் இருக்கிறது, நியூ ஜெர்சிப் பக்கம் நெவார்க்கும் இருக்கிறது. பிள்ளைகள் எடிசனிலோ ஜெர்சி சிட்டியிலோ இருந்தால் நெவார்க்தான் பக்கம். ஜே.எஃப்.கே.யிலிருந்து நியூ ஜெர்சி வர நகரத்தையும் பாலங்களையும் சுங்கச்சாவடிகளையும் தாண்டி வர வேண்டும், மாலை நெரிசலில் மாட்டினால் இரண்டு மணி நேரம் காருக்குள்ளேயே. லண்டன், ஃபிராங்ஃபர்ட் இரண்டிலிருந்தும் நெவார்க்குக்கு நேரடி விமானங்கள் இருக்கின்றன. இருபது மணி நேரம் பறந்து வந்தவருக்கு அந்த இரண்டு மணி கார் பயணம்தான் ரொம்பவும் படுத்தும், டிக்கெட் போடும்போது அது யார் கண்ணிலும் படுவதில்லை.

இப்போது தொல்லைகள். முதலாவது ட்ரான்சிட் விசா (நடுவில் விமானம் மாறும் நாட்டுக்கு வேண்டிய விசா) விதி. அமெரிக்க விசா கையில் இருந்தால் பல இடங்களில் சலுகை உண்டு என்றாலும் நாட்டுக்கு நாடு வேறு, அடிக்கடி மாறுவதும் உண்டு. பணம் கட்டும் முன் அந்த நாட்டுத் தூதரகத் தளத்தில் பார்த்துவிடுங்கள். முக்கியமாக, லண்டனில் ஹீத்ரோ நிலையத்தில் இறங்கி கேட்விக் நிலையத்தில் ஏறுவது போன்ற டிக்கெட்டைத் தொடவே தொடாதீர்கள், அதற்கு ஊருக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். இரண்டாவது, நிலையங்கள் பெரியவை, டெர்மினல் மாற ரயில் அல்லது பஸ், நடுவில் மறுபடி பாதுகாப்புச் சோதனை. ஒன்றரை மணி லேஓவரைக் காட்டி "சட்டப்படி போதும்" என்பார்கள், வீல்சேர் வரவே அதில் அரை மணி போகலாம். மூன்றாவது, குளிர்காலம். டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டமும் பனிப்பொழிவும் ஐரோப்பாவிலும் வரும், நியூயார்க்கிலும் வரும், இரண்டு பக்கமும் தாமதத்துக்கு இடம் உண்டு.

யாருக்கு நல்லது: முழங்கால், முதுகு, ரத்த ஓட்டப் பிரச்சினை உள்ளவர்கள், சின்னக் குழந்தையோடு போகிறவர்கள், நியூ ஜெர்சிக்குப் போகிறவர்கள்.

## டெல்லி வழி

தூரத்தில் முதலிடம் என்று மேலே சொன்னேன், நேரத்தில் அப்படி இல்லை. 2025 ஏப்ரல் கடைசியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும் டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் தெற்கே சுற்றிப் போக வேண்டியதாயிற்று, சில வட அமெரிக்க விமானங்கள் எரிபொருளுக்காக வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கிப் போயின. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அந்தத் தடை இல்லை. வான்வெளி நிலைமை எப்படி என்று டிக்கெட் எடுக்கும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், அதைப் பொறுத்து ஒரே பாதையில் ஒரு மணிக்கு மேல் ஏறி இறங்கும்.

நல்ல பக்கமும் உண்டு. ட்ரான்சிட் விசா என்ற பேச்சே இல்லை. மாட்டிக்கொண்டாலும் நம் நாட்டில்தான் மாட்டிக்கொள்கிறோம்: கையில் ரூபாய் இருக்கிறது, ஃபோன் வேலை செய்கிறது, சொந்தக்காரரோ நண்பரோ ஒருவர் அங்கே இருப்பார்.

ஆனால் இந்த வழியில்தான் தனித்தனி டிக்கெட் எடுக்கும் ஆசை வரும். "சென்னை–டெல்லி நாமே தனியாகப் போட்டால் குறைகிறதே" என்று நானே ஒருமுறை எடுத்தேன். உள்நாட்டு டிக்கெட்டில் பெட்டிக்கு 15 கிலோதான். அமெரிக்கா போகும் டிக்கெட்டில் 23 கிலோவாக இரண்டு பெட்டி. ஆக சென்னையிலேயே 31 கிலோவுக்குக் கூடுதல் கட்டணம், மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி அங்கேயே போனது. விமானம் ஒன்றே முக்கால் மணி தாமதம். டெல்லியில் டெர்மினல் ஒன்றில் இறங்கி, பெட்டிகள் வரும்வரை நின்று, மூன்றாவது டெர்மினலுக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். ஒரு பெட்டியின் சக்கரம் வேறு உடைந்திருந்தது. இரண்டும் அடுத்தடுத்த கட்டடங்கள் என்று நினைத்திருந்தேன், சாலையில் சில கிலோமீட்டர் போக வேண்டும். கவுன்டர் மூட ஆறு நிமிடம் இருக்கும்போது போய் நின்றேன், சட்டையெல்லாம் நனைந்திருந்தது. அன்று தவறவிட்டிருந்தால் முழு டிக்கெட்டும் என் தலையில்தான், யாரையும் கேட்க முடியாது.

ஒரே டிக்கெட்டில், பெட்டி சென்னையிலிருந்தே நியூயார்க் வரை போகும்படி எடுத்தால் இந்த வழியில் குறை சொல்ல அதிகம் இல்லை, அந்த 16 மணி நேர உட்காரலைத் தவிர. மும்பை வழிக்கும் இதெல்லாம் அப்படியே பொருந்தும், அங்கேயும் இரண்டு டெர்மினலுக்கும் நடுவில் சாலைப் பயணம் இருக்கிறது.

யாருக்கு நல்லது: டெல்லியில் ஒரு நாள் வேலை இருப்பவர்கள், வெளிநாட்டு நிலையத்தில் மாறத் தயங்குகிறவர்கள்.

## சிங்கப்பூர் வழி

சுருக்கமாகச் சொல்கிறேன். எதிர்த்திசையில் 2,900 கி.மீ. போய், அங்கிருந்து உலகின் மிக நீளமான விமானப் பயணங்களில் ஒன்றில் ஏறுகிறீர்கள்: சுமார் 15,350 கி.மீ., பதினெட்டரை மணி நேரம். லேஓவரையும் சேர்த்தால் ஒரு நாளைத் தாண்டிவிடும். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, விமான நிலையம் அருமை, நெவார்க்குக்கும் விமானம் உண்டு. அங்கே மகளோ தம்பியோ இருந்து நாலு நாள் தங்கிப் போவதானால் தாராளமாக எடுங்கள். வெறுமனே நியூயார்க் போய்ச் சேர வேண்டும் என்றால் வேண்டாம்.

## எந்த ஊரும் நம்மைக் கைவிடலாம்

"வளைகுடாவில் பிரச்சினை வந்தால் என்ன செய்வது, ஐரோப்பா பாதுகாப்பு" என்று ஒரு பேச்சு இருக்கிறது. 2024 ஏப்ரலில் பெருமழையில் துபாய் விமான நிலையம் வெள்ளக்காடானது. 2025 மார்ச் 21 அன்று ஒரு துணைமின்நிலையத் தீயால் ஹீத்ரோ கிட்டத்தட்ட நாள் முழுதும் மூடிக் கிடந்தது. அதே ஆண்டு ஜூன் 23 அன்று கத்தார் வான்வெளி சில மணி நேரம் மூடப்பட்டது. இதை வைத்து ஊரைத் தேர்ந்தெடுப்பதைவிட, எந்த வழியானாலும் ஒரே பி.என்.ஆரில் எடுப்பதும், மூன்று நாள் மருந்தைக் கைப்பையில் வைப்பதும், ஒரு மாற்றுடை வைப்பதும் பலன் தரும். அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை இப்போதெல்லாம் பெரிய பெட்டிக்குள் போவதே இல்லை.

## திரும்பி வரும் வழியைத் தனியாகப் பாருங்கள்

போகும்போது பார்த்த அளவுக்கு யாரும் திரும்புவதைப் பார்ப்பதில்லை. காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் நியூயார்க்–லண்டன் ஏழு மணிக்குள் முடியும், நியூயார்க்–துபாய் பன்னிரண்டரை மணி அளவுதான். பறக்கும் நேரம் குறைவதால் வளைகுடா வழி திரும்பும்போது அவ்வளவு படுத்தாது. நீண்ட பயணம் முதலில் முடிந்து, கடைசி நாலு மணி சுலபமாகப் போய்விடும். ஐரோப்பா வழியில் நிலைமை தலைகீழ்: முதல் பயணம் குட்டையானது, இரவில் கிளம்பி ஏழு மணியில் அங்கே விடிந்துவிடும், தூக்கம் பாதியில் கலையும், அப்புறம் பத்து மணி நேரம். அபுதாபியின் முன்கூட்டிய இமிக்ரேஷன் வசதி போகும்போது மட்டும்தான், திரும்பும்போது அதற்கு வேலை இல்லை.

போக ஒரு நிறுவனம், வர ஒரு நிறுவனம் என்று தனித்தனி ஒருவழி டிக்கெட்டாக எடுத்தால் பெரும்பாலும் விலை கூடிவிடும். அதனால் நாங்கள் இந்த முறை அம்மாவுக்கு இரண்டு பக்கமும் ஃபிராங்ஃபர்ட் என்றே போட்டிருக்கிறோம். போகும்போது அங்கே மூன்றரை மணி, வரும்போது நாலு மணி, காலையில் கொஞ்சம் சாய்ந்து படுக்க நேரம் இருக்கட்டும் என்று. வீல்சேர் டிக்கெட்டோடு சேர்த்துப் பதிவு செய்தாயிற்று, நாலு விமானத்திலும் நடைபாதை ஓர சீட், அக்கா நெவார்க்கில் வந்து நிற்பார்.